ஆவுடைத்தாய்க்கு எந்தத் தீவு நல்லது

இதில் ஒரு எழுத்துகூடப் பொய் கிடையாது. குற்றாலநாதர் சாட்சி, குழல்வாய்மொழியம்மை சாட்சி. ஒரு வார்த்தையைக் கூட்டியோ குறைத்தோ சொல்லியிருந்தால், நான் ஐந்தருவியில் குளிக்கும்போது ஐந்து கிளையும் ஒன்றாகச் சேர்ந்து என் ஒருவன் தலையிலேயே விழட்டும். பெண்கள் பக்கம் விழுகிற கிளைகளையும் சேர்த்தே சொல்கிறேன். சத்தியம் செய்தால் முழுசாகச் செய்ய வேண்டும்.

என் தங்கை ஆவுடைத்தாய் இருந்தது மேலகரத்தில். தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவில். அருவியில் தண்ணீர் விழுந்தால் மேலகரத்துக்குத் தண்ணீர் வராது, வண்டிகள்தான் வரும். அவள் புருஷன் சுடலையாண்டி போலீசில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். ராயகிரிப் பக்கம் ஆடு திருடிய ஒருவன், ஏட்டு வீட்டில் இல்லாத நேரத்தில் வந்து, கொடியில் காய்ந்துகொண்டிருந்த அவருடைய காக்கிச் சட்டையைப் பார்த்தே குற்றத்தை ஒப்புக்கொண்டான். சட்டை கொஞ்சம் அதட்டி விசாரித்ததில் இரண்டு கோழிகளும் கிடைத்தன. நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

அவர்களுக்கு இரண்டு ஆண் மக்கள். மூத்தவன் மணிமுத்து அயர்லாந்தில் இருந்தான். அவன் பெண்டாட்டி ஆனந்தவள்ளி அங்கே நர்சு. இளையவன் பாண்டி நியூசிலாந்தில் ஒரு மாட்டுப் பண்ணையில் இருந்தான். இரண்டும் தீவு. பூமி உருண்டையில் அது அந்த ஓரம், இது இந்த ஓரம். ஒரு வயிற்றில் பிறந்த இரண்டு பேர் இதற்குமேல் ஒருவனை விட்டு ஒருவன் தள்ளிப் போக முடியாது. போனால் அப்புறம் நெருங்கி வருகிற கணக்காகிவிடும்.

"ரெண்டு பயலுவளும் ஊர் லாந்தப் போயிட்டானுவ" என்பார் ஏட்டு. லாந்துவது என்றால் எங்கள் பக்கத்தில் சும்மா சுற்றித் திரிவது. அதற்குமேல் அவர் அதைப்பற்றிப் பேசியதில்லை.

மக்கள்தான் பேசினார்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் செல்போனை அரிசி டப்பாவில் சாய்த்து வைத்துவிடுவாள் ஆவுடைத்தாய். திரையில் மேலே மணிமுத்து, கீழே பாண்டி. அங்கே மணிமுத்துக்கு விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும், பாண்டிக்கு இருட்டியிருக்கும். பேச்சு ஒன்றே ஒன்றுதான்: யாருடைய தீவில் மனுஷன் நன்றாக வாழ்கிறான்.

"எம்மா, எங்க ஊர்ல பாம்பே கெடையாது, தெரியுமா?" என்பான் மணிமுத்து.

"எங்க ஊர்லயுந்தான் கெடையாது" என்பான் பாண்டி.

ஏட்டு நாற்காலியில் இருந்தபடி, "கடிக்கதுக்கு ஆளு இல்லாம பட்டினி கெடந்து செத்திருக்கும்" என்பார்.

மணிமுத்து தன் ஊர் மழையைப் பற்றிச் சொல்வான். குற்றாலத்துச் சாரல் போலவே இருக்கும், ஆனால் வருஷம் முழுக்க இருக்கும், நனைந்தால் தலை துவட்ட வேண்டியதில்லை, துவட்டுவதற்குள் அடுத்த மழை வந்துவிடும். பாண்டி தன் ஊர் மாடுகளைப் பற்றிச் சொல்வான். பால் கறக்கும் நேரம் வந்தால் அவை தாமாகவே வரிசையில் வந்து நிற்கும், ஒரு மாடு இடையில் புகுந்தால் மற்ற மாடுகள் அதைத் திரும்பி ஒரு பார்வை பார்க்கும், புகுந்த மாடு வெட்கப்பட்டுப் பின்னால் போய்விடும். பூமி அதிர்ச்சி வருகிற ஊர்தானே என்று அண்ணன் கேட்டால், "அதுவா, தொட்டில் ஆட்டுன மாதிரி இருக்கும்ணே, நல்லா தூக்கம் வரும்" என்பான். வருஷத்துக்கு ஒருமுறை எவனோ உட்கார்ந்து, எந்த நாட்டில் வாழ்க்கைத் தரம் எப்படி என்று வரிசை போட்டு வெளியிடுகிறான் அல்லவா, அதில் எவன் தீவு ஒரு படி மேலே போகிறதோ அவன் அன்றைக்கு எங்கள் எல்லோருக்கும் செல்போனில் அதை அனுப்புவான். கீழே போனவன் அந்த வாரம் முழுக்கத் தொண்டை சரியில்லை என்பான்.

ஆவுடைத்தாய்க்கு இரண்டு ஊரும் பிடிக்கும். "எந்த ஊருட்டி நல்லது?" என்று நான் கேட்டால், "யாரு கூப்பிடுதானோ அவன் ஊருதான்ணே" என்பாள். அதுவரை ஒருவனும் கூப்பிட்டிருக்கவில்லை.

போன ஆனி மாதம் ஏட்டு செத்துப்போனார். டிவி பார்த்துக்கொண்டிருந்தவர், விளம்பரம் வந்தபோது கண்ணை மூடினார். விளம்பரம் முடிந்த பிறகும் திறக்கவில்லை.

மக்கள் வரும்வரை ஐஸ் பெட்டியில் வைத்தோம். மணிமுத்து சீக்கிரம் வந்துவிட்டான். பாண்டிதான் ஒரு விமானத்தைத் தவறவிட்டு, இன்னொன்றில் ஏறி, நடுவில் ஏதோ ஒரு ஊரில் உட்கார்ந்துவிட்டான். பெட்டி அரைச் சுவர் எழுப்பியது போல நடுவீட்டில் கிடந்து உறுமிக்கொண்டே இருந்தது. ஏட்டின் மீசையில் பனி பூத்து, அவர் என்றைக்கும் இல்லாத அளவுக்கு வயசானவராகத் தெரிந்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆவுடைத்தாய் பெட்டியின் கண்ணாடியில் கையை வைத்து வைத்து எடுத்தாள். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டாள்:

"பிள்ளையள் இருக்க ஊருல குளிரு இப்படித்தாண்ணே இருக்குமோ?"

பாண்டி வந்து சேர்ந்து, எடுத்து, எரித்து, பதினாறாம் நாள் காரியமும் முடிந்தது. அதற்குள் ஊரே பார்த்துவிட்ட விஷயம் ஒன்று உண்டு. ஆவுடைத்தாயால் இனி தனியாக இருக்க முடியாது. முழங்கால் இரண்டும் மடங்கவில்லை. அடுப்பில் கேஸைத் திறந்துவிட்டுத் தீப்பெட்டி தேடிப் போனவள், போன காரியத்தை மறந்து வாசலில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். துக்கம் கேட்க வந்த பக்கத்து வீட்டு ஹாஜரா பீவி மூக்கை உறிஞ்சிப் பார்த்து ஓடிப்போய் மூடியிராவிட்டால், ஏட்டின் காரியத்தோடு எங்கள் எல்லோருடைய காரியமும் ஒரே பந்தலில் முடிந்திருக்கும்.

என் வீட்டில் வைத்துக்கொள்ளக் கூடாதா என்பீர்கள். நான் கூப்பிடாமல் இல்லை. "ரெண்டு சிங்கத்தப் பெத்துட்டு அண்ணன் வீட்டு அடுக்களையில போயி உக்காந்தா, ஊரு என் பிள்ளையள என்ன சொல்லும்?" என்று கேட்டாள். மானக்கேடு அவளுக்கு இல்லை, சிங்கங்களுக்கு. ஆகவே சிங்கங்களில் ஒன்று அவளைத் தன் தீவுக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். எந்தச் சிங்கம் என்பதுதான் கேள்வி.

துக்கம் கழிய அருவியில் தலை முழுக வேண்டும் என்று எல்லோரும் ஐந்தருவிக்குப் போனோம். நல்ல சாரல். குளித்து முடித்து, ஒரு கடை ஓரத்தில் ஈரத் தலையோடு உட்கார்ந்து மிளகாய் பஜ்ஜி தின்றுகொண்டிருந்தபோது நான் பேச்சை எடுத்தேன். தாய்மாமன் என்றால் எடுக்க வேண்டிய பேச்சை எடுத்துத்தான் ஆக வேண்டும்.

"அம்மைய யாருடே கூட்டிட்டுப் போறிய?"

அப்போதுதான் என் வாழ்நாளில் கண்டிராத ஒரு அதிசயத்தைக் கண்டேன். இத்தனை வருஷம் தன் தீவைத் தலையில் வைத்துக் கூத்தாடிய இரண்டு பேரும், கண்ணிமைக்கும் நேரத்தில் தீவுகளை மாற்றிக்கொண்டார்கள்.

"அண்ணே, ஒங்க ஊருதான் அம்மைக்குச் சரி" என்றான் பாண்டி. "வருஷம் பூரா சாரலு. குத்தாலத்துல இருக்க மாதிரியே இருக்கும்."

"ஏலே, சாரலு அடிச்சா மூட்டு வலிக்கும்லா? அங்க சூரியன் ஒரு விருந்தாளிடே. வந்தா போட்டோ எடுப்போம். ஒங்க ஊர்ல நல்ல வெயிலு, நல்ல பாலு. அம்மைக்கு மாடுன்னா உசுரு வேற."

"அந்த மாடுவளப் பாத்தாள்னா அம்மை அழுதுருவாண்ணே. ஒண்ணுக்கும் பேரு கெடையாது. காதுல நம்பருதான். போன மாசம் ஒண்ணு என்னையப் பாத்து மொறைச்சுது."

"ஒனக்கு வீடு தரையோட தரையா இருக்கு. எனக்கு மாடிப்படி ஏணி கணக்கா செங்குத்தா நிக்கி. இந்த முழங்கால வச்சிக்கிட்டு எப்படி ஏறுவா?"

"தரை வீடுதான், இல்லைங்கல. சுவரு பூரா அட்டைண்ணே. வெளிய இருக்க குளிரு உள்ள வந்து, உள்ள பத்தலன்னு இன்னும் கொஞ்சம் குளிரக் கூட்டிட்டு வருது. இதுல பூமி அதிர்ச்சி வேற."

"தொட்டில் ஆட்டுன மாதிரி இருக்கும்னு சொன்ன?"

"அது வயசுப் புள்ளைக்கு. நீங்க ஏன் யோசிக்கிய? மதினி நர்சு. வீட்டுக்குள்ளயே ஆஸ்பத்திரி இருக்க மாதிரி."

"அவ நைட் டூட்டி பாத்துட்டு வந்து பகல்ல தூங்கணும்லா? வேற ஆஸ்பத்திரிக்குப் போனா, டாக்டரு நம்மளக் கூப்பிடுததுக்குள்ள சீக்கு அதுவாச் சரியாயிரும், இல்லன்னா நாம சரியாயிருவோம்."

இப்படியே போனது. அயர்லாந்துக்காரன் நியூசிலாந்தைச் சொர்க்கம் என்றான். நியூசிலாந்துக்காரன் அயர்லாந்தைக் கயிலாயம் என்றான். தன் வீட்டுக் கூரை ஒழுகுகிறது, தன் முதலாளி மோசம், தன் ஊரில் கருவேப்பிலைக்கே காரில் போக வேண்டும், கோயில் என்று இருப்பது ஒரு கார் ஷெட் என்று அவனவன் தன் தீவைத் தானே கரைத்துக் கடலில் விட்டுக்கொண்டிருந்தான். என் பஜ்ஜியைப் பறிக்க வந்த குரங்கு ஒன்று கையை நீட்டியபடியே நின்று இதையெல்லாம் கேட்டது. கேட்டு முடித்துவிட்டு, அது வேறு எங்கோ பறித்து வைத்திருந்த கொய்யாப்பழத்தை ஆவுடைத்தாயின் மடியில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டது. நான் சத்தியம் செய்திருக்கிறேன் என்பதை மறக்க வேண்டாம்.

ஆவுடைத்தாய் கொய்யாவைக் கையில் உருட்டிக்கொண்டே சொன்னாள்:

"ரெண்டு ஊரும் இப்பமே இப்படிக் கெடக்குன்னா, நான் வந்து காலு வச்சா முழுசா முங்கிப் போயிருமேய்யா."

இரண்டு பேரும் பஜ்ஜிக்குக் கையை நீட்டினார்கள். அவளே மறுபடி பேசினாள்.

"ஒங்க வாயில வராது. சாஸ்தா சொல்லட்டும். பூக்கட்டிப் பாத்துருவோம்."

எங்கள் பக்கத்தில் இது வழக்கம். ஒரு முடிவு எடுக்க முடியாமல் போனால், இரண்டு நிறப் பூவை இரண்டு இலைப் பொட்டலமாகக் கட்டிச் சாமி காலடியில் வைப்போம். எந்தப் பூ எதற்கு என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பிறகு ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தால், அதில் இருப்பதுதான் உத்தரவு. மீறக் கூடாது. பெண்ணைக் கட்டலாமா, கிணறு வெட்டலாமா, தேர்தலில் நிற்கலாமா, எல்லாம் இப்படித்தான் முடிவாகும். தேர்தலில் மட்டும் சாமி சொன்ன ஆள் தோற்றுவிடுவார். அதில் சாமிக்கு அனுபவம் போதாது.

துக்க வீட்டுக்காரர்கள் ஒரு வருஷத்துக்குக் கோயிலுக்குப் போகலாமா என்று பாண்டி ஒரு சட்டம் பேசிப் பார்த்தான். அது கொடிமரம் இருக்கிற கோயிலுக்கு. எங்கள் சாஸ்தாவுக்குக் கொடிமரமும் இல்லை, மதிலும் இல்லை, கதவும் இல்லை. ஐந்தருவிக்குப் போகிற பாதையில், வாய்க்கால் ஓரமாக ஒரு மருத மரத்தடியில் மழையில் நனைந்துகொண்டு இருக்கிறவர். அவருக்குத் தீட்டுப் பார்க்கிற வசதி கிடையாது.

மறுநாள் காலையில் போனோம். பூசாரி வல்லிநாயகம் எங்களுக்கு முன்னாலேயே வந்து இடத்தைக் கூட்டி வைத்திருந்தார். தாய்மாமன் என்பதால் பொட்டலம் கட்டுகிற வேலை எனக்கு. மூத்தவனின் அயர்லாந்துக்குச் செவ்வரளி. இளையவனின் நியூசிலாந்துக்கு வெள்ளை நந்தியாவட்டை. எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டு, ஒவ்வொரு பூவையும் நிறைய வில்வ இலைக்கு நடுவில் வைத்து, வாழையிலையில் பொதிந்து, நாரால் கட்டினேன். கட்டியதை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் மாற்றி மாற்றிக் கலக்கி, எது எது என்று எனக்கே தெரியாமல் தாம்பாளத்தில் வைத்தேன். வல்லிநாயகம் தாம்பாளத்தைச் சாமி காலடியில் வைத்துவிட்டு, அபிஷேகத்துக்கு நீர் எடுக்க வாய்க்காலுக்கு இறங்கினார். கால் கழுவ வேண்டும் என்று ஆவுடைத்தாயும் இறங்கினாள். அவள் வழுக்கி விழாமல் பிடிக்க நானும் இறங்கினேன்.

வாய்க்கால் கரையில் தாழம்புதர் உண்டு. அதன் இடுக்கில் பார்த்தால் சாஸ்தா தெரிவார். அண்ணன் செல்போனில் பேசிக்கொண்டே ரோட்டுப் பக்கம் நகர்ந்தபோது, பாண்டி சாமியைச் சுற்றுவதுபோல ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் தாம்பாளத்துக்கு முன்னால் குனிந்தான். ஒரு பொட்டலத்தைப் பிரித்தான், சிவப்பு. கட்டி வைத்தான். மற்றதைப் பிரித்தான்; வெள்ளை. நந்தியாவட்டையை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, வெறும் வில்வத்தை மறுபடி அழகாகக் கட்டினான். மாட்டுப் பண்ணையில் இருக்கிறவனுக்கு முடிச்சுப் போடத் தெரிந்திருக்கிறது.

நான் ஏன் சத்தம் போடவில்லை என்று கேட்கலாம். போடுவதற்குத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் ஒரு கணக்கு ஓடியது. வெள்ளை போய்விட்டால் மிச்சம் சிவப்பு. தங்கை இதை எடுத்தாலும் அதை எடுத்தாலும் கடைசியில் அயர்லாந்து நிச்சயம். ஒரு பயல் தப்பித்தால் தப்பிக்கட்டும், அவளுக்கு ஒரு வீடு உறுதியாகிவிட்டது. வாயை மூடிக்கொண்டேன்.

பாண்டி மூத்திரம் பெய்யப் போனான். மணிமுத்து ரோட்டிலிருந்து திரும்பி வந்தான். அவனும் ஒரு சுற்றுச் சுற்றினான். அவனும் குனிந்தான். அவனுக்குத் தெய்வம் அலைச்சல் வைக்கவில்லை. பிரித்த முதல் பொட்டலத்திலேயே செவ்வரளி இருந்தது. எடுத்து வேட்டி மடியில் செருகிக்கொண்டான். மற்றதை அவன் தொடக்கூட இல்லை. தொட்டுப் பார்த்திருந்தால் இந்தக் கதை வேறு.

நான் கரையேறுவதற்குள் வல்லிநாயகம் குடத்தோடு ஏறிவிட்டார். பூசைக்கு நடுவில், பெற்றவள் முன்னால், இரண்டு பேரையும் திருடன் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. அபிஷேகம், சூடம், மணி எல்லாம் ஆனது. "எடுங்கம்மா" என்றார்.

ஆவுடைத்தாய் கும்பிட்டபடியே நெடுநேரம் நின்றாள். உதடு அசைந்தது. எந்தத் தீவைக் கேட்டாள் என்று எனக்குத் தெரியாது. அண்ணனும் தம்பியும் இரண்டு பக்கமும் நின்றார்கள். இரண்டு முகத்திலும் அப்படி ஒரு பக்தி. அவள் இடது பக்கத்துப் பொட்டலத்தை எடுத்து முடிச்சை அவிழ்த்தாள். வில்வ இலைகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தாம்பாளத்தில் வைத்தாள். கடைசி இலையையும் எடுத்தாள்.

பூ இல்லை.

"தவறி விழுந்திருக்கும்" என்றான் மணிமுத்து உடனே. "அடுத்தத எடும்மா. அதுல என்ன இருக்கோ அதுதான்."

"ஆமா, அதுதான்" என்றான் பாண்டியும். இத்தனை வருஷத்தில் அவர்கள் இருவரும் ஒரே கருத்தைச் சொல்லி நான் கேட்டது அப்போதுதான்.

அடுத்ததைப் பிரித்தாள். அதே வில்வம். அதே வெறும் இலை.

காற்று நின்றுவிட்டது. வாய்க்கால் தண்ணீர்கூடக் கொஞ்ச நேரம் ஓடாமல் நின்றதை நான் பார்த்தேன். பாண்டி அண்ணனைப் பார்த்தான். மணிமுத்து தம்பியைப் பார்த்தான். முதலில் இரண்டு பேர் முகத்திலும் சாமி பயம் வந்தது. அது மெல்ல வடிந்து, கீழே இருந்த விஷயம் தெரிய ஆரம்பித்தது. பாண்டி சடாரென்று அம்மையின் காலில் விழுந்தான். விழுந்த வேகத்தில் சட்டைப் பையிலிருந்த நந்தியாவட்டை அவள் பாதத்தில் உதிர்ந்தது.

"ஏலே, களவாணிப் பயலே!" என்று மணிமுத்து கையை ஓங்கிக்கொண்டு வந்தான். ஓங்கிய கையோடு வேட்டி மடி நெகிழ்ந்தது. செவ்வரளியும் விழுந்தது.

ஆவுடைத்தாய் குனிய முடியாமல் குனிந்து, இரண்டு பூவையும் பொறுக்கினாள். கையில் வைத்துப் பார்த்தாள். அவள் தலையிலிருந்து பூவை எடுத்து இன்னும் மாசம் திரும்பவில்லை.

"என் தலையில இருந்த பூவத்தான் எடுத்தாச்சு" என்றாள். "சாமிகிட்ட இருந்துமாய்யா எடுக்கணும்?"

வல்லிநாயகம்தான் வாயைத் திறந்தார். நல்ல மனுஷன். அவர் பார்த்த குடும்பச் சண்டை எத்தனையோ. "ரெண்டும் வெறும் பொட்டலமா வந்தா, சாமி இங்கனயே இருக்கச் சொல்லுதுன்னு அர்த்தம்" என்றார்.

அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேரும் கரையேறினார்கள். "உத்தரவு வந்துட்டே!" என்றான் மணிமுத்து. "சாமி வாக்க மீறப்படாதும்மா" என்றான் பாண்டி. திரும்பி வருகிற வழியில் அண்ணனும் தம்பியும் தோளில் கை போட்டுக்கொண்டு நடந்தார்கள். ஆவுடைத்தாய் என் கையைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தாள். பூ இரண்டையும் அவள் சாமியிடம் வைத்தாளா, கூடக் கொண்டுவந்தாளா என்று நான் பார்க்கவில்லை.

ஊருக்குக் கிளம்புவதற்கு முன் அவர்கள் ஒரு நல்ல காரியம் செய்தார்கள். சாமியே இருக்கச் சொன்ன வீட்டில் அம்மையைப் பார்த்துக்கொள்ள, நடுவீட்டுச் சுவரில் ஒரு கேமராவைப் பொருத்தினார்கள். அங்கிருந்தே பார்க்கலாம், பேசலாம். இங்கேதான் இரண்டு தீவுகளின் அருமை எனக்குப் புரிந்தது. ஒரு தீவில் பகல் என்றால் மற்றதில் இரவு. மணிமுத்து தூங்கும்போது பாண்டி விழித்திருப்பான். பாண்டி தூங்கப் போனால் மணிமுத்து எழுந்துவிடுவான். இரண்டு மக்களும் தென்காசியிலேயே இருந்திருந்தால் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அல்லவா தூங்கியிருப்பார்கள்! பூமியில் வேறு எந்தத் தாய்க்கு இந்தக் கொடுப்பினை உண்டு?

ஆவுடைத்தாய் அதற்குப் பழகிக்கொண்டாள். காலையில் முகம் கழுவித் திருநீறு பூசிக்கொண்டுதான் அதன் முன்னால் வருவாள். ஏட்டின் படத்தை எதிர்ச் சுவருக்கு மாற்றி, கேமராவைப் பார்க்கிற மாதிரி மாட்டினாள். நடக்கும்போது திடீரென்று நின்று சுவரைப் பார்த்து, "இப்பம் யாருய்யா முழிச்சிருக்கிய?" என்று கேட்பாள். சில நாள் பதில் வரும். ஒருநாள் அடுக்களையில் பால் பொங்குகிற சத்தம் கேட்டு, நியூசிலாந்திலிருந்து பாண்டி சுவர் வழியாக, "எம்மா, அடுப்பு!" என்று கத்தினான். பால் அடங்கிவிட்டது. இவள் அடுப்பை அணைக்கவில்லை; பால்தான் சத்தத்துக்குப் பயந்து தானாக இறங்கியது. நான் டம்ளரோடு பக்கத்தில் இருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமைப் பேச்சும் திரும்பி வந்தது. போய்ச் சேர்ந்த வாரமே தீவுகள் இரண்டும் மறுபடி செழித்துவிட்டன. கூரை ஒழுகுவது நின்றது. மாடுகள் வரிசையில் நின்றன. "எங்க ஊர்ல பாம்பே கெடையாது" என்றான் மணிமுத்து. பதில் சொல்ல நாற்காலியில் ஏட்டு இல்லை.

பங்குனி மாதத்து வெயிலில், ஒரு மத்தியானம் ஆவுடைத்தாய் நடுவீட்டில் விழுந்தாள். முழங்கால் மடங்கியதா, தலை சுற்றியதா, தெரியாது. கேமராவுக்கு நேர் கீழே விழுந்தாள். இடுப்பு எலும்பு போய்விட்டது, எழுந்திருக்க முடியவில்லை. கத்தியிருப்பாள். ஹாஜரா பீவி வீட்டில் கடையநல்லூருக்குக் கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள்.

மக்கள் பார்க்கவில்லை என்று யாரும் சொல்லக் கூடாது. இரண்டு பேரும் பார்த்தார்கள். மணிமுத்து காலையில் வேலைக்குக் கிளம்பும்போது செல்போனைத் திறந்து பார்த்தான். அம்மை தரையில் படுத்திருந்தாள். வெயில் காலத்தில் மத்தியானம் வெறும் சிமெண்டுத் தரையில் படுப்பது அவள் வழக்கம்தானே. நிம்மதியாகத் தூங்கட்டும் என்று மூடிவிட்டான். பாண்டி ராத்திரி தூங்கப் போவதற்கு முன்னால் பார்த்தான். அம்மை படுத்தபடியே சுவரைப் பார்த்துக் கையை ஆட்டிக்கொண்டிருந்தாள். அவனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அதைப் படமாக எடுத்து எங்கள் எல்லோருக்கும் அனுப்பி, கூடவே ஒரு கையசைக்கிற பொம்மையையும் போட்டான். மணிமுத்து அதற்கு ஒரு சிவப்பு இதயம் போட்டான்.

நான் விளக்கு வைக்கிற நேரத்துக்குப் போனேன். அவள் கண் சுவரில்தான் இருந்தது. கை மட்டும் நின்றுவிட்டது.

மறுபடியும் அதே ஐஸ் பெட்டி. இந்தத் தடவை அது அதிக நேரம் உறுமவில்லை. இரண்டு பேருக்கும் லீவு மிச்சம் இல்லை. கேமராவைக் கொஞ்சம் கீழே திருப்பி வைக்கச் சொன்னார்கள், திருப்பி வைத்தேன். சுவரிலிருந்து அழுகைச் சத்தம் வந்தது, முதலில் ஒரு தீவிலிருந்து, பிறகு மற்றதிலிருந்து. நிஜமான அழுகைதான், அதில் குறை சொல்ல மாட்டேன். நடுவில் பாண்டியின் குரல் கேட்டது.

"அண்ணே, ஒங்களுக்கு அம்மை மொகம் தெளிவா தெரியுதா?"

"தெரியுதுடே. இங்க நெட்டு நல்லா இருக்கும். ஒனக்கு?"

"எங்க ஊர்லயும் நல்லா இருக்கும்ணே. படம் ஒரு எடத்துல கூட நிக்கல."

சுடலையாண்டியின் பங்காளி ஒருவர் கொள்ளி வைத்தார். சாம்பலைக் குற்றாலத்தில் கரைத்தோம். வெயில் காலம் என்பதால் அருவியில் தண்ணீர் இல்லை. பாறை இடுக்கில் தேங்கிக் கிடந்ததில் கரைத்துவிட்டு வந்தேன்.

எனக்கு உடன்பிறந்தவள் என்று யாரும் இருந்ததே கிடையாது. இருப்பது இரண்டு மகன்கள், ஒருவன் அயர்லாந்தில், ஒருவன் நியூசிலாந்தில்.